பிடரிக் கத்தி

பேசக் கூடாது, பேசக் கூடாது, பேசவே கூடாது. மலை ஏறும்போதே அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள். கார் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாய, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "சிந்து, இன்னிக்கி ஒரு நாள் உன் வாயைச் சேலத்துலயே வச்சிட்டு வந்துட்டதா நெனச்சுக்கோ, அக்கா கல்யாணம்டி" என்றாள். வைத்துவிட்டு வருவதற்கு அது என்ன குடையா, ஆனாலும் சரி என்றேன். போன வரன் என் வாயால்தான் போனது என்று வீட்டில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள், கல்யாணத்துக்கு அப்புறம் அக்கா ஏன் வேலையை விடணும் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஒரு கேள்வியில் உடைகிற கல்யாணம் உடையட்டுமே என்று அப்பாவிடம் வாதாடி வாதாடித் தொண்டை கட்டியதுதான் மிச்சம், ஆகவே இன்று வாய் இல்லை, கை மட்டும் இருக்கிறது, கையில் கத்தி இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டுக் கூடம், சுவரெல்லாம் கொம்புகள், சோபாவில் அப்பா, அம்மா, இந்த வரனைக் கொண்டுவந்த தனபால் மாமா, என் பக்கத்தில் தலை குனிந்தபடி பிருந்தா அக்கா, எதிரே மாப்பிள்ளை கோகுல்நாத், நடுவில் டீப்பாய், டீப்பாயில் பச்சை வெல்வெட் துணி, துணியில் மூன்று ஜெர்மன் வேட்டைக் கத்திகள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் பொண்ணைக் கூட்டிப் போகிற வழக்கம் எங்களில் கிடையாது, இவன்தான் போன் போட்டு, "அவங்களும் வரட்டும் மாமா, வாழப்போற இடம்தானே, நம்ம ஃபேமிலி மாடர்ன்" என்றான், அப்பா அந்த மாடர்னில் விழுந்தார். "உங்க சின்னப் பொண்ணு உலோகத்துல ஆராய்ச்சி பண்றாங்களாமே, நம்ம கலெக்‌ஷனுக்கு மார்க் போடட்டும், மூணும் ஸோலிங்கன், ஜெர்மனியில கத்திக்குன்னே ஒரு ஊர்" என்று அவனே கொண்டுவந்து பரப்பினான். "மாட்டுனீங்க மாப்ள, கொழுந்தியா கிட்டப் பாஸ் மார்க்கே கஷ்டம்" என்று மாமா தொடையைத் தட்டினார். அவன் முதல் கத்தியை எடுத்து என்னிடம் நீட்ட, அம்மா பதறி, "கையில குடுக்காதீங்க மாப்ள, கீழ வைங்க, அவ எடுத்துக்கட்டும், கைக்குக் கை குடுத்தா சண்டை வந்துடும்" என்றாள். "ஜெர்மன் கத்திக்குத் தமிழ் சாஸ்திரம் தெரியாது அத்தை." எல்லோரும் சிரித்தார்கள். நானும் உதட்டை இழுத்தேன். அம்மாவின் சாஸ்திரத்தோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் கத்தியோடு பழகியவன் பிடியைத் திருப்பித்தான் கொடுப்பான், எந்த ஊராக இருந்தாலும், எந்தப் பாஷையாக இருந்தாலும். இவன் முனையை என் வயிற்றைப் பார்த்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

முதல் கத்தி நல்ல கத்தி, பொய் சொல்ல மாட்டேன், ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காக இரும்பின் மேல் பழி போடக் கூடாது. விளிம்பை மேலே திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறேன், நல்ல விளிம்புக்கு ஒளி கிடையாது, கூராக இருக்கிற இடம் இருட்டுக் கோடு மாதிரி ஓடும், மழுங்கிய இடம்தான் மினுங்கும். இது அடியிலிருந்து நுனி வரை இருட்டு. இரண்டு பக்கச் சரிவும் ஒரே உயரத்தில் வந்து நிற்கிறது. பிடியும் அலகும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன், தட்டவில்லை. பிடி கொம்பு, கடமான் கொம்பு, ஒரு காலத்தில் நம் காட்டில் உதிர்ந்த கொம்புகள் கப்பல் ஏறி அங்கே போய்க் கைப்பிடியாகித் திரும்பி வந்தன, இப்போது தடை, ஆக அந்த ஊர்க் கத்தியைப் பிடிக்கிறவன் பாதி நேரம் நம் மானைத்தான் பிடிக்கிறான். எடை விரலடியில் சரியாக உட்காருகிறது, இப்படி உட்கார்ந்தால் கைக்குப் பாரமே தெரியாது, குத்துகிறோம் என்பதே தெரியாது, விரலை நீட்டுகிற மாதிரி இருக்கும், ஒருவனுடைய விலாவில் விரலை நீட்டுகிற மாதிரி, நான் ஏன் இதை யோசிக்கிறேன், விலா எலும்புக்கு நடுவே படுக்கையாகத் திருப்பிப் போட்டால்தான் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும், எல்லோருக்கும் தெரியும், செய்தித்தாள் படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். என் லேப் தோழி எஸ்தரைக் கிழித்தது ஜெர்மன் கத்தி இல்லை. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய கட்டர், கட்டைவிரலால் தள்ளினால் நீளுமே, அது. எங்கள் லேபில் எங்களோடு உட்கார்ந்து உலை வெப்பம் குறித்துக்கொண்டிருந்தவன், கேன்டீன் வாசலில், மத்தியானம், எல்லோரும் தட்டோடு நிற்கிறபோது. கன்னம் திறந்துகொண்டது. உள்ளே பல் தெரிந்தது. கன்னத்துக்கு உள்ளே பல் இருக்கும் என்பது அதுவரை தெரியாதவள் மாதிரி சாம்பார்க் கரண்டியோடு நின்றேன். கட்டர் அலகு மெல்லியது, அளவுக்கு மீறிக் கடினம், வளைந்தால் ஒடியும், ஒரு துண்டு ஒடிந்து அவள் தாடையில் நின்றுவிட்டது, அதன் தரத்துக்கு யாரும் மார்க் போடவில்லை, விசாரணைக் கமிட்டியில் கேட்டார்கள், "அந்தப் பையன்கிட்ட நீ சிரிச்சுப் பேசுவியாமே?" தையல் போட்ட வாயால் அவள் எப்படிப் பதில் சொல்வாள், நான் சொன்னேன், மேஜையைத் தட்டிச் சொன்னேன், சிரிப்புக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

"என்ன மேடம், கத்தியைப் பார்த்துட்டுக் கனவுக்குப் போயிட்டீங்க?" என்கிறான். "நல்லா இருக்கு" என்கிறேன். இரண்டு வார்த்தை, அம்மாவின் கணக்கில் இது பேச்சில் சேராது. இரண்டாவதும் அதே ரகம், கொஞ்சம் அகலம், தோல் உரிப்பதற்கு, அலகின் வயிறு வளைந்து இருக்கும், குடலைக் கிழிக்காமல் தோலை மட்டும் கிழிக்க. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது. அவன் என் அப்பாவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்துகிறான், தாழ்த்தினால்தான் எல்லோரும் கேட்பார்கள் என்று தெரிந்தவன். "வெளிய சொல்லிடாதீங்க மாமா. மார்கழியில கீழ்க்காட்டுல ஒரு பன்னி, கம்பியில மாட்டிக்கிச்சு. சுட்டா சத்தம், ஃபாரஸ்ட்காரன் வருவான். ஒருத்தன் பின்னங்காலைப் புடிச்சுக்கிட்டான், நான் மேல ஏறி உக்காந்துட்டேன். மண்டையும் கழுத்தும் சேர்ற இடத்துல ஒரு குழி இருக்கு பாருங்க, பிடரியில, தொட்டுப் பார்த்தா விரல் உள்ள போகும். அதுல ஒரே குத்து. நாலு காலும் அப்படியே மடிஞ்சுது. மூச்சு சத்தம்கூட இல்ல." "அடேங்கப்பா" என்கிறார் அப்பா, ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிற அப்பா, கொசு அடித்தாலும் கையைக் கழுவுகிற அப்பா. "கண்ணைப் பார்க்கணும் மாமா அந்த நேரத்துல. அதுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடங்கும்." பிடரிக் குத்துக்கென்றே ஜெர்மனியில் ஒரு கத்தி உண்டு, நூலகத்தில் படித்திருக்கிறேன், குட்டையான அலகு, கூர் முனை, அடிபட்ட மான் துடிக்காமல் முடிக்க, அது இரக்கத்துக்குச் செய்த கத்தி, இவன் சொல்வதில் இரக்கம் எங்கே இருக்கிறது, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணைப் பார்த்திருக்கிறான். வாதாடலாம். வாதாடக் கூடாது. பக்கத்தில் அக்கா தலை குனிந்திருக்கிறாள், காலையில் அம்மா இழுத்துப் பின்னிய பின்னல் முன்னால் விழுந்து கிடக்கிறது, பூச்சரத்துக்குக் கீழே கழுத்து திறந்திருக்கிறது, மண்டையும் கழுத்தும் சேர்கிற இடத்தில் குழி, பூனை முடி, ஒரு துளி வேர்வை. பெண் பார்க்கிற அன்று தலை குனியச் சொல்கிறார்கள், முகூர்த்தத்தில் தலை குனியச் சொல்கிறார்கள், முடிச்சுப் போட வசதியாக, மூன்று முடிச்சும் அந்தக் குழிக்கு மேலேதான் விழும். சீ, நிறுத்து. தாலியைப் போய் இப்படி யோசிக்கிறாயே என்று எனக்குள் அம்மாவே பேசுகிறாள். அக்காவை யார் கேட்டார்கள், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, காலையில் போய்ச் சாயந்திரம் வருகிறாள், உனக்குப் பிடிச்சிருக்கா என்று நான் மட்டும்தான் கேட்டேன், "நேர்ல பார்த்தா தெரிஞ்சுடும் சிந்து" என்றாள். இதோ பார்க்கிறாள், தரையை.

"ம்மா." திரும்பிப் பார்க்காமல் கூப்பிடுகிறான். அவனுடைய அம்மா, சரோஜினி என்று பெயர், வந்ததிலிருந்து வாங்க என்றதைத் தவிர ஒரு சொல் பேசாதவர், பப்பாளித் தட்டோடு வருகிறார். தட்டில் கீற்றுகள், பாதிப் பழம், அதை அறுக்க ஒரு குட்டைக் கத்தி. பித்தளைச் சொம்பில் தண்ணீர். என் கண் அந்தக் குட்டைக் கத்தியில் போய் விழுந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கறுத்த அலகு, மழை மேகம் மாதிரி நீலம் படிந்த கறுப்பு, நல்ல பழைய இரும்பு பல வருஷம் பழச்சாற்றிலும் புளியிலும் தோய்ந்தால்தான் அப்படிப் படியும். தீட்டித் தீட்டி ஒடுங்கியிருக்கிறது. பிடியில் நிஜக் கொம்பு, வெண்ணெய் மாதிரி மழுங்கிய கொம்பு. அடியில் தேய்ந்துபோன முத்திரை, முழுக்கத் தேயவில்லை. இதுதான், இதுவேதான், பிடரிக் கத்தி, துரைகள் காலத்தில் இந்த மலைக்கு வந்திருக்க வேண்டும். இவர்களுக்குக் கத்தி என்றால் பளபளக்க வேண்டும், கறுத்தது என்றால் நாட்டுக் கொல்லன் அடித்தது, அடுக்களைக்குப் போ. "அது எதுக்கு இங்க?" என்கிறான் அவன், "அந்தத் துருப்புடிச்சதைத் தூக்கிப் போடச் சொன்னேன்ல." அவர், "நல்லா அறுக்குதுப்பா" என்று வாய்க்குள் சொல்லிச் சுவரோரம் நின்றுகொள்கிறார். உட்காருவதில்லை. நிற்கிறார், கை இரண்டும் முந்தானைக்குள்.

"அதை விடுங்க. இது நம்ம ராஜா" என்று மூன்றாவதை எடுக்கிறான். ஜெர்மனிக்கே போனபோது வாங்கியதாம், கடைக்காரன் உள்ளே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தானாம், உனக்காகத்தான் வச்சிருந்தேன்னு சொன்னானாம். இதையும் முனை முன்னால். வாங்குகிறேன், வாங்கிய நொடியே தெரிந்துவிடுகிறது, ஐயோ, தெரிந்துவிட்டது. எடை பிடியின் வாலில் தொங்குகிறது. அலகில் பெயர், அடித்த முத்திரை இல்லை, அமிலத்தால் மேலாக அரித்த எழுத்து. கொம்புப் பிடியைத் திருப்புகிறேன், இந்தப் பக்கம் ஒரு வெடிப்பு, அந்தப் பக்கமும் அதே இடத்தில் அதே வெடிப்பு, எந்த மானுக்கு இப்படி முளைக்கும், அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக். ஒரு பக்கச் சரிவு ஏறியிருக்கிறது, மற்றது இறங்கியிருக்கிறது. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது, முடியே நுழையும். விளிம்பை நேற்றுத்தான் தீட்டியிருக்கிறான், கூர் இருக்கிறது, கூர் வேறு தரம் வேறு, தகரத்தைத் தீட்டினாலும் ஒரு தடவை வெட்டும். சொல்லலாமா. சொன்னால் என்ன ஆகும், இவன் முகம் என்ன ஆகும், மாமா முகம் என்ன ஆகும், இந்த வரனும் உன் வாயால போச்சு, அக்காவுக்கு இருபத்தெட்டு ஆகுதுடி, அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, ஒரு போலிக் கத்தி ஒரு வீட்டில் ராஜாவாக இருக்கும், எத்தனை வீட்டில் இல்லை. நான் மார்க் போட வந்தது கத்திக்கு, மாப்பிள்ளைக்கு இல்லை. அப்படியா. அப்படியானால் ஒரு மனிதனுக்குப் போலியைக் காட்டிக் கொடுக்க ஏன் பயமாக இருக்கிறது, எங்கள் லேபில் எத்தனை கம்பெனிக்காரர்களிடம் உங்கள் சரக்கு மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், அவர்கள் யாரும் கண்ணைப் பார்க்கணும் என்று சொன்னதில்லை. "என்ன, பேச்சையே காணோம்? மிரண்டுட்டாங்க மாமா. கூர் எப்படின்னு காட்டவா?" கத்தியை என் கையிலிருந்து உருவிக்கொள்கிறான். தன் முன்கையில் முடி மழிப்பான் என்று நினைத்தேன், கத்திப் பித்துப் பிடித்த ஆண்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், எங்கள் ஹாஸ்டல் வாட்ச்மேன்கூடச் செய்வார். அவன் டீப்பாயைத் தாண்டி வந்து அக்காவின் இடது மணிக்கட்டைப் பிடித்தான்.

கேட்கவில்லை. பிடித்தான். பன்றியின் பின்னங்காலை ஒருத்தன் பிடித்துக்கொண்டான் என்றானே, அப்படி, வளையல்களை மேலே தள்ளி, கையைத் திருப்பி, "அசையாதீங்க, அசைஞ்சா நான் பொறுப்பில்ல" என்று சிரித்தபடி அலகைத் தோலில் படுக்க வைத்து இழுத்தான். சர்ர் என்று ஒரு சத்தம், உண்மையில் சத்தம் இல்லை, எனக்குக் கேட்டது. அக்காவின் கையில் இருக்கிற பூனை முடி, வெயிலில் மட்டும் தெரிகிற முடி, அலகில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் அதை ஊதினான். "பார்த்தீங்களா, பார்லர் செலவு மிச்சம் மாமா." மாமா சிரித்தார். அப்பா சிரித்தார், ஒரு நொடி தாமதமாகத்தான், ஆனால் சிரித்தார். அம்மா, "ஐயோ மாப்ள, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அக்காவின் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது, நகம் வெளுத்திருந்தது. வெல்வெட்டில் முதல் கத்தி கிடக்கிறது, நல்ல கத்தி, விரலை நீட்டுகிற மாதிரி இருக்கும், அவன் குனிந்திருக்கிறான், சட்டைக் காலருக்கு மேலே அவனுக்கும் அந்தக் குழி இருக்கிறது, எல்லோருக்கும் இருக்கிறது, ஒரே குத்து, நாலு காலும் மடியும், என் கை நகர்ந்தது, சத்தியமாக நகர்ந்தது, நகர்ந்த கையை நானே பார்த்தேன், அது கத்தியைத் தாண்டிப் போய்ப் பித்தளைச் சொம்பை இழுத்தது. "அதைக் கொடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இன்னொரு சோதனை இருக்கு." அம்மா என் முதுகில் கிள்ளினாள். கிள்ளட்டும்.

அவன் கொடுத்தான், மார்க் வரப்போகிறது என்ற சிரிப்போடு, கொடுத்துவிட்டுத் தன் சோபாவில் போய் உட்கார்ந்தான். சொம்பின் வாய் விளிம்பில் அலகைச் சாய்த்து வைத்து அழுத்தினேன், நல்ல இரும்பாக இருந்தால் கத்தியின் விளிம்பு லேசாக வளைந்து, எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும், மட்டமான இரும்பு வளைந்த இடத்திலேயே கிடக்கும். எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். விளிம்பு பல் போன மாதிரி மடிந்து கிடந்தது, எல்லோருக்கும் தெரிகிற அளவுக்கு மினுங்கியது. "இது ஜெர்மன் இல்ல. பிடி பிளாஸ்டிக். பெயரை மேல எழுதியிருக்காங்க. உங்களை ஏமாத்திட்டாங்க." அவ்வளவுதான் சொன்னேன், இதைவிடக் குறைவாக நான் எந்த வாதத்திலும் பேசியதில்லை. அவன் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான், ஒன்றுமே நடக்கவில்லை, சிரிப்பு அப்படியே இருக்க அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் எங்கேயோ போய்விட்டான். அப்போதுதான் அவனுடைய அம்மாவைப் பார்த்தேன். சுவரோரம் நின்றவர் சத்தமில்லாமல் வந்து, வெல்வெட் துணியின் நாலு முனையையும் கூட்டி, இரண்டு கத்திகளையும் உள்ளே வைத்துச் சுருட்டி, என் கையிலிருந்ததையும் வாங்கி அதற்குள் செருகி, இடுப்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். மகனைப் பார்க்கவில்லை. அவசரப்படவும் இல்லை. பால் பொங்குவதற்கு முன் அடுப்பை அணைக்கிற கை அது, எப்போது பொங்கும் என்று தெரிந்த கை. முந்தானை விலகிய இடத்தில், முழங்கைக்குக் கீழே, பழைய தழும்பு ஒன்று நேர்கோடாக ஓடியது. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

"சரி புள்ள, நீ பெரிய ஆளுதான்" என்று மாமா வேர்வையைத் துடைத்தபடி எழுந்து, விழுந்ததைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார், "அப்ப நெசமான ஜெர்மன் கத்தின்னா எதுதான்? அதையாவது சொல்லு, சிரிச்சுட்டுப் போவோம்." "மத்த ரெண்டும் நெசம்தான். எல்லாத்தையும்விட நல்லது அது" என்று பப்பாளித் தட்டைக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா கையை நீட்டி அந்தக் குட்டைக் கத்தியை எடுத்தாள். பழச்சாற்றைத் தன் கைக்குட்டையில் துடைத்தாள். தலை நிமிர்ந்திருந்தது, எப்போது நிமிர்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. "கையை நீட்டுங்க" என்றாள். "எதுக்கு?" என்றான் அவன். "முடிதானே. நானும் பார்க்கிறேன்." "பிருந்தா, என்னது இது" என்று அப்பா. அவள் திரும்பவில்லை. அது அவளுடைய வேலைக் குரல், ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறாளோ, கண்ணை மூடிக்கொள்கிற கிழவர்கள், வீறிடுகிற குழந்தைகள், லாரி டிரைவர்கள், எல்லோரும் நீட்டுகிறார்கள், முகம் தெரியாதவளை நம்பி நரம்பைக் காட்டுகிறார்கள். "கையை நீட்டுங்க." "விளையாடாதே, வை அதைக் கீழ." நீங்க போய் நீ வந்துவிட்டது, அவ்வளவு சீக்கிரம். அவள் காத்திருந்தாள். கத்தி அசையவில்லை, அவள் கை ஊசி பிடிக்கிற கை, நடுங்காது. அவனுடைய வலது கை தொடையிலிருந்து மெல்ல நகர்ந்து முதுகுக்குப் பின்னால், சோபா மெத்தைக்குள் போனது. ஒரு பெரிய ஆண்பிள்ளையின் கை, ஒளிந்துகொள்ளப் போகிற குழந்தை மாதிரி. "பயமா இருக்கா?" என்று அக்கா கேட்டாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள், நோயாளியிடம் கேட்கிற மாதிரி. "எனக்கும் இருந்துச்சு" என்றாள்.

என்னிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு இருந்தது, எஸ்தரிலிருந்து தொடங்கி, கமிட்டியிலிருந்து தொடங்கி, அவனோடு சேர்ந்து சிரித்த என் அப்பாவில் முடிக்கிற அளவுக்கு இருந்தது, வாய் திறந்தும் இருந்தது. அப்பா வாயைத் திறந்தார், மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தப் போகிறார், சின்னப் பொண்ணுங்க, தப்பா எடுத்துக்காதீங்க, தேதி குறிச்சிடலாம், எனக்கு அந்த வாக்கியமே காதில் விழுந்துவிட்டது. அதற்குள் வெல்வெட் மூட்டையை நெஞ்சோடு பிடித்தபடி சரோஜினி அம்மா முன்னால் வந்தார். மகனுக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றார். "மழை வரும் போல இருக்கு கண்ணு" என்றார் அக்காவைப் பார்த்து, காலையிலிருந்து அவர் வாய்விட்டுப் பேசிய முதல் முழு வாக்கியம், "மழையில இந்த ரோடு ஆவாது. வர்றதுக்குள்ள இறங்கிடுங்க." ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகளின் மேல் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது, வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. அப்பா ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மாவின் கையைப் பார்த்தார், அதில் ஓடிய கோட்டைப் பார்த்தார், பிறகு அக்காவின் கையில் முடி போன இடத்தைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். "ஆமாங்க" என்று எழுந்தார். "நல்லாக் கறுத்துக்கிட்டு வருது."